பெரட்டில் நின்ற பந்தயக்காரி

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்கத்துறை அம்மா ஒருவர் என் பெட்டியைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த இரும்புத் தண்டைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார். பக்கத்தில் இட்லிப் பொடி டப்பா இருந்தது. அதைக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தண்டு, கேம்ஷாஃப்ட். மோட்டார் சைக்கிள் இன்ஜின் மூச்சை இழுத்து விடுவதே அதன் தயவில்தான். கோவை கணபதியில் என் பட்டறையில் நானே தேய்த்து எடுத்தது. அதை எந்த மொழியில் விளக்குவது? வலது கையை முறுக்கிக் காட்டி, வாயால் "வ்ர்ர்ரூம்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, பொடி டப்பாவை மட்டும் முகர்ந்து பார்த்து என்னை அனுப்பி வைத்தார்.

நான் போனது பத்து நாள் வேலைக்கு. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பெடாஸ் என்ற சிற்றூரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பிரான்சிஸ், முன்பு கோவைப் பந்தயம் ஒன்றைப் பார்க்க வந்தபோது எனக்குச் சிநேகமானவர். அவரிடம் ஒரு பந்தய அணி இருந்தது. அணி என்றால் ஒரு மோட்டார், அதை ஓட்ட ஒரு பெண், பிறகு பிரான்சிஸ், அவ்வளவுதான். அங்கே மோட்டார் என்றாலே மோட்டார் சைக்கிள். அதிலும் 'கப்சாய்' என்று ஒரு சிறிய வகை உண்டு. பார்த்தால் நம்மூர் ஸ்கூட்டிக்கும் பைக்குக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். மீன்காரரும் அதில்தான் போகிறார், பந்தயமும் அதில்தான் நடக்கிறது. என் தண்டை அதன் இன்ஜினில் பொருத்தி, வருஷத்தின் முதல் பந்தயத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். அது இரண்டாயிரத்து இருபது மார்ச் மாதம். திட்டம் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் காலையில் பிரான்சிஸ் என்னைச் சாலையோரத்து ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனார். "பசியாறிட்டீங்களா?" என்று கடைக்கார அம்மா கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே பசியாறுவது என்றே பெயர். கேட்கும்போதே வயிறு குளிர்ந்துவிடுகிறது. ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. கூடவே பருப்புக் குழம்பும் நெத்திலிச் சம்பலும். தேங்காய்ச் சட்னி கேட்டேன். அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அப்போது ஒரு கப்சாய் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பெண் ஒல்லியாக, கன்னத்தில் பழைய தழும்போடு இருந்தாள். "இதுதாங்க நம்ம ரைடர். கோகிலவாணி" என்றார் பிரான்சிஸ். சிரம்பானில் உதிரிபாகக் கடையில் வேலை, வீடு மம்பாவில்.

"வணக்கம் அங்கிள்" என்றாள் அவள்.

புறப்படும் முன்தான் தலைக்குச் சாயம் அடித்திருந்தேன். "அண்ணான்னு கூப்பிடலாங் கண்ணு" என்றேன்.

"சரிங்க அங்கிள்."

விஷயம் என்னவென்று தேநீரை ஆற்றிக்கொண்டே பிரான்சிஸ் சொன்னார். வாணி ஓட்டுவது புதியவர்களுக்கான பிரிவு. ஆண் பிள்ளைகளோடு சேர்ந்துதான் ஓட வேண்டும். அந்தப் பிரிவுக்கு வயது வரம்பு உண்டு, அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். ஊர் ஊராகப் பந்தயம் நடந்து, வருஷ முடிவில் முதல் மூன்று இடங்களில் இருப்பவர்கள் மட்டும் மேல் பிரிவுக்கு ஏறுவார்கள். ஏறாதவர்கள் ஹெல்மெட்டைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். போன வருஷம் வாணி நாலாவது.

"மூணாவதா வந்தவனுக்கும் எனக்கும் ஒரு டயர் தூரம்தான் அங்கிள்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் ரொட்டியைப் பிய்த்த கை நின்றுவிட்டது. அந்த ஒரு டயர் தூரத்தைத் தருவதற்குத்தான் என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருந்தார்கள்.

தண்டைப் பொருத்திய அன்று சாயங்காலமே தொலைக்காட்சியில் பிரதமர் வந்தார். நடமாட்டக் கட்டுப்பாடு. கடைகள் மூடல், எல்லைகள் மூடல், விளையாட்டுகள் எதுவும் கிடையாது. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்று கேட்டோம். முதல் பந்தயம் ஒத்திவைக்கப்பட்டதாகப் பிரான்சிஸின் கைப்பேசி அடுத்த நிமிஷமே சிணுங்கியது.

"ரெண்டு வாரந்தானே லா" என்று அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு முடித்தார் பிரான்சிஸ். உலகம் முழுக்க அந்த வாரம் எல்லோரும் சொன்ன வாக்கியம் அது.

பட்டறையைப் பூட்ட வேண்டியிருந்ததால் பந்தய மோட்டாரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வீடு பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள், தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்து வரிசையில். அவர் மனைவி ஸ்டெல்லா தோட்டத்தின் பிள்ளைக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர். வாணி மம்பாவுக்குத் திரும்பியிருக்கலாம், அதற்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது. "மோட்டார் இங்க இருந்தா நானும் இங்கதான்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லாவின் தையல் அறையில் பாயை விரித்தாள். அப்பாவிடம் போனில் இரண்டு வாரம் என்று சத்தியம் செய்தாள்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் வானம் இருக்கும், மேற்கே மலை இருக்கும். இங்கே நிமிர்ந்தால் செம்பனை மட்டைதான். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தோட்டம் போகிறது, நடுவே செம்மண் சாலைகள். வெயிலும் மழையும் ஒரே மதியத்தில் வரும். வந்து போன பிறகு இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வேர்த்த இடம். இப்போது பாதிக்கு மேல் டவுனுக்குப் போய்விட்டார்கள். குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்காரர்களும் வங்கதேசத்துப் பையன்களும்தான் அதிகம். ஆனாலும் மாரியம்மன் கோயில் மணி தமிழில்தான் அடிக்கிறது என்று ஸ்டெல்லா சொல்வார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவர்.

இரண்டு வாரம் நான்கானது, நான்கு எட்டானது. ஸ்டெல்லா டின்னில் அடைத்த சாடின் மீனைக் கறியாக்கினார், புட்டாக்கினார், கடைசியில் கட்லெட்டாக்கினார். பின்கட்டு மரவள்ளியும் காட்டுக் கீரையும் தேங்காய்ப்பாலில் ஊசிமிளகாய் போட்டு வந்தன. அந்த மாநிலத்துக் காரம் லேசுப்பட்டதல்ல. முதல் கவளத்தில் என் காது அடைத்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். வீட்டிலிருந்து என் மனைவி போன் செய்து, "அங்கயே ஒரு பட்டறையைப் போட்டு உக்காந்துக்குங்க" என்றாள். விமானம் இல்லாததற்கு நானா பொறுப்பு?

பந்தயங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இரண்டாவது ஒத்திவைப்பு, மூன்றாவது ஒத்திவைப்பு, பிறகு ஒத்திவைப்பு என்ற சொல்லே போய் ரத்து என்று வரத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் வாணி செய்தியைப் படித்துவிட்டு, பந்தய மோட்டாரின் மேல் போர்த்திய துணியை எடுத்து, துடைத்து, மறுபடி போர்த்துவாள். ஓட்ட முடியாது. தோட்டத்து வாசலை நிர்வாகம் பூட்டிவிட்டது. வேலையாட்கள் தவிர வேறு யாரும் லயத்தைவிட்டு நகரக் கூடாது.

"கையெல்லாம் மறந்துபோவுது அங்கிள்" என்றாள் ஒரு நாள். அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வழி திறந்துவிட்டவர் கிராணி தனபாலன். தோட்ட அலுவலகத்தின் கணக்குப்பிள்ளையை அங்கே இன்னும் கிராணி என்றுதான் சொல்கிறார்கள். குன்றுக்கு அப்பால் டிவிஷன் என்று சொல்லும் தோட்டப் பிரிவுகளில் தொழிலாளர்கள் அடைந்து கிடந்தார்கள். அவர்களுக்கு அரிசி, மீன் டின் கொண்டுபோகும் வேன்காரர் வேறு மாநிலத்தில் மாட்டிக்கொண்டார். "மோட்டார்ல போக ஆள் வேணும்" என்று கிராணி வந்து நின்றார்.

"நான் போறேன்" என்றாள் வாணி.

"போகலாம். ஆனா பெரட்டுல பேர் இருக்கணும்."

பெரட்டு என்பது விடியும் முன் அலுவலகத்தின் முன்னால் தொழிலாளர்கள் கூடி நிற்பது. கிராணி பெயர் கூப்பிடுவார். லொம்போக்காரர்கள் 'அடா' என்பார்கள், வங்கதேசத்துப் பையன்கள் கை தூக்குவார்கள், நம்மவர்கள் 'இருக்கேன்' என்பார்கள். குரல் வராவிட்டால் அன்றைக்குப் பெயர் வெட்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதேதான். நோய்க்காலத்துக்காகப் புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று: தள்ளித் தள்ளி நிற்பதற்குத் தரையில் வெள்ளை வட்டங்கள் போட்டிருந்தார்கள்.

மறுநாள் வாணி ஒரு வட்டத்துக்குள் நின்றாள். "கோகிலவாணி சன்னாசி!" என்று கிராணி கூப்பிட, "இருக்கேன்!" என்ற குரல் லயம் வரைக்கும் கேட்டது. பிரான்சிஸின் பழைய கப்சாயில் முன்னும் பின்னும் கூடை கட்டிக்கொண்டு அவள் குன்றேறிய சத்தத்தை நான் வாசலில் நின்று கேட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு ஒழுங்காகப் பசித்தது.

அவள் அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சன்னாசி லாரி ஓட்டுபவர். கடைகளுக்கு அரிசி மூட்டை இறக்குகிற வேலை என்பதால் போலீஸ் தடுப்பைத் தாண்டி வர அவருக்கு அனுமதி இருந்தது. ஒரு விடியற்காலையில் தோட்டத்துக்கான மூட்டைகளோடு வாசல் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே பெரட்டு நடந்துகொண்டிருந்தது. மகள் வட்டத்துக்குள் நின்று 'இருக்கேன்' என்று சொல்வதைக் கம்பி வழியாகப் பார்த்தார்.

வாணி ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"எங்கப்பன் பெரட்டுல நின்னாரு. நான் நின்னேன்" என்றார் சன்னாசி. கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "என் பிள்ளை நிக்கக் கூடாதுன்னுதான் லாரி ஸ்டேரிங்கப் புடிச்சேன். டவுன்ல வச்சுப் படிக்க வச்சேன். நீயா வந்து நிக்கிறியா?"

"பெரட்டுல நின்னாத்தான்பா மோட்டார் ஓட்ட முடியும்."

"அப்ப ஓட்டாத."

"இந்த வருஷம் விட்டா அவ்ளோதான்பா. தெரியும்ல உங்களுக்கு?"

அவர் மூட்டைகளைக் கம்பியோரம் இறக்கினார், லாரியைத் திருப்பினார், போனார். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தார். வாணி குன்றேறிய பிறகே வருவார். அவள் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தால் பின்னால் தொலைக்காட்சி அலறும். "அப்பா சத்தத்தக் கூட்டிட்டாரு. அப்படின்னா நல்லா இருக்காரு" என்பாள். சிரிப்பாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு மோட்டாரிடம் போவாள்.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தபோது நானும் ஒரு நாள் அவள் பின்னால் ஏறிக்கொண்டேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. செம்மண் சாலையில் லாரிகள் போய்ப் போய் இரண்டு தடங்கள் பதிந்திருந்தன. வாணி அந்தத் தடத்தைத் தொடவே இல்லை. வளைவுகளில் வெளிப்பக்கமாக, புல்லும் கல்லுமாகக் கிடந்த ஓரத்தில் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பந்தயம் தெரிந்தவன் அல்லவா! "கண்ணு, வளைவுல உள்பக்கமாப் போகோணும். தடத்த விட்டா நேரம் போயிரும்" என்றேன்.

"மழைக்கு அப்படிப் போவ முடியாது அங்கிள். எல்லாரும் போன தடம் வழுவழுன்னு ஆயிருக்கு. யாரும் போவாத பக்கந்தான் புடிக்கும்."

"நான் எத்தனை பந்தயம் பார்த்தவன்! சொன்னாக் கேளு."

பெரியவர் சொல்கிறாரே என்று அடுத்த வளைவில் கேட்டாள். அடுத்த நொடி நான் வாய்க்காலில் இருந்தேன். சாடின் டின்கள் சரிவில் வரிசையாக உருண்டு ஓடின. கீழே குலை பொறுக்கிக்கொண்டிருந்த லொம்போக்காரர் ஒருவர் இரண்டு டின்களைக் காலால் நிறுத்தி, "மேலேயிருந்து மீன் மழை பெய்யுதே!" என்று தன் கூட்டாளியிடம் கத்தினார். சேற்றில் உட்கார்ந்தபடியே வாணி அப்படிச் சிரித்தாள். என் வேட்டியின் நிறம் அதற்குப் பிறகு வெள்ளைக்குத் திரும்பவே இல்லை. அன்று முதல் ஓட்டுவதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. இன்ஜின் என் ராஜ்ஜியம், சாலை அவளுடையது.

ஜூலை வாக்கில் ஒரு வழியாகச் செய்தி வந்தது. வருஷம் முழுவதற்கும் பதிலாக செப்டம்பரில் ஒரே ஒரு பந்தயம். நெகிரி செம்பிலானிலேயே, பார்வையாளர் இல்லாமல். அதில் முதல் மூன்று பேர் மேல் பிரிவுக்குப் போவார்கள். ஒரு வருஷத்து உழைப்பை ஒரே மதியத்தில் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். பிரான்சிஸ் செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மழைக்கான டயர் தேடிக் கோலா கிளாவாங் போனோம். மலைப்பாதை வால்பாறைக் கொண்டை ஊசிகளை நினைவூட்டியது. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு வளைவிலும் டுரியான் பழக் குவியல். பிரான்சிஸ் வண்டியை நிறுத்திப் பிளந்து கொடுத்தார். மணம் பற்றி நாகரிகமாக ஒன்றும் சொல்ல முடியாது. சுவையோ, பால்கோவாவில் வெங்காயம் விழுந்த மாதிரி. நான்கு சுளை தின்றேன். டயர்க்கடைச் சீனப் பெரியவர் முகக்கவசத்துக்கு மேலாக எங்களை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வருஷம் எவனும் டயர் வாங்க வரலை. நீங்க பைத்தியமா, சாம்பியனா?" என்று மலாயில் கேட்டார். பிரான்சிஸ், "ஞாயித்துக்கிழமை தெரியும்" என்றார்.

பந்தயத்துக்கு முன் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. ரத்தம் வரக் கீழே விழுந்தபோதும் ஓசை எழுப்பாத வாணி, குச்சியைக் கண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பயிற்சி ஓட்டத்தில் அவள் எடுத்த நேரம் இரண்டாவது வரிசையில் இடம் வாங்கித் தந்தது. என் தண்டு பாடியது என்றுதான் சொல்வேன். பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

பந்தயத்தன்று காலையில் பந்தயத் தடத்தின் வெளிவாசலில் ஒரு லாரி நின்றது. சன்னாசி. உள்ளே வர அனுமதி இல்லை. மகளைக் கூப்பிடவில்லை, என்னைக் கை காட்டி அழைத்தார். கம்பி வழியாக ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்தச் சொல்லுங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆயுத பூஜையில் பொரிக்காக மட்டும் பக்தி கொள்ளும் ஆள். ஆனால் அந்த மனிதர் மகளோடு பேசி எத்தனை மாதம் ஆகிவிட்டது! பழம் அவர் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புறப்படும் வரிசையில் ஒரு மோட்டாருக்கு ஒரு மெக்கானிக் மட்டும் நிற்கலாம். நான் நின்றேன். வானம் கறுத்துத் தூறல் தொடங்கியிருந்தது. மழை டயர் மாட்டியாகிவிட்டது. குனிந்து, முன்சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தேன்.

வாணி பார்த்துவிட்டாள். "யார் குடுத்தது?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை. "அப்பா. வாசல்ல நிக்கறாருங் கண்ணு."

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு முன்னோட்டச் சுற்றுக்காகக் கிளம்பினாள். பழம் 'டப்' என்று வெடித்தது. நல்ல சகுனம்தான். ஆனால் சாறும் விதையும் தடத்தில் தெறித்துக் கிடந்ததை மூன்றடி தள்ளி நின்ற அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்றார் மலாயில். சுங்கத்துறை அம்மாவிடம் செய்தது போல வாயால் சத்தம் எழுப்பி இதைச் சமாளிக்க முடியாது. சுவரோரம் நின்ற பிரான்சிஸ் அங்கிருந்தே மலாயில் கத்தினார்: "கிருமிநாசினி சார்! எங்க ஆளுங்க வழக்கம்!"

அதிகாரி சிரிக்கத்தான் சிரித்தார். "என் பக்கத்து வீட்டுக்காரரும் புதுக் காருக்கு இதைத்தான் செய்தார். ஆனால் அவர் செய்தது வீட்டு வாசலில்" என்றார். விதி விதிதான். தடத்தில் பொருள் போட்டதற்குத் தண்டனை: வாணி இரண்டாவது வரிசையிலிருந்து கடைசிக்குப் போக வேண்டும்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. பட்டறை, தண்டு, ஆறு மாதம், எல்லாவற்றையும் ஒரு எலுமிச்சம்பழத்தால் நானே நசுக்கிவிட்டேன். சுற்று முடிந்து வந்தவளிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"பரவால்ல லா அங்கிள். கடைசியில நின்னா என்ன? அப்பா வந்திருக்காருல்ல?"

புறப்பாட்டுச் சிவப்பு விளக்கு அணைந்தது. பந்தயம் கிளம்பியது, மழையும் வலுத்தது.

முதல் சுற்றில் அவளைக் காணவே முடியவில்லை. நீர்த்திரைக்குள் எல்லா மோட்டாரும் ஒரே சாம்பல் நிறம். ஆனால் முதல் வளைவைப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. வெயில் நாட்களில் எல்லோரும் போய்ப் போய், ரப்பர் படிந்து பளபளத்துக் கிடந்த உள்தடத்திலேயே பையன்கள் போனார்கள். மழைத்தண்ணீர் பட்டதும் அது சோப்பு போட்ட குளியலறைத் தரை. ஒருவன் வழுக்கினான், இன்னொருவன் கால் ஊன்றினான். வாணி அந்தத் தடத்தைத் தொடவே இல்லை. அரிசிக் கூடையோடு குன்றேறிய அதே மாதிரி, வெளிப்பக்கமாக, யாரும் போகாத சொரசொரப்பில் வந்தாள். சுற்றி வரும் வழி நீளம்தான். ஆனால் அவள் பிரேக் பிடிக்காத இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என்னை மறந்து கத்தினேன். "அப்படித்தாங் கண்ணு! ஓரமாப் போ! மீன் டின் விழாமப் போ!" பக்கத்து அணிக்காரர் என்னை விட்டு விதித்ததைவிட இரண்டு மடங்கு தூரம் விலகி நின்றார்.

ஒவ்வொரு சுற்றிலும் சிலரை விழுங்கிக்கொண்டே வந்தாள். கடைசிச் சுற்று தொடங்கியபோது நான்காவது. மறுபடியும் அதே நான்கு! முன்னால் போனவன் நல்ல ஓட்டக்காரன், சுலபத்தில் இடம் விடவில்லை. கடைசி வளைவில் அவன் உள்ளே புகுந்தான், வாணி வெளியே விரிந்தாள். தடத்தின் விளிம்பில் வெள்ளைக்கோட்டை உரசும் வரை போனாள். போய்விட்டாள், புல்லில் விழப்போகிறாள் என்று பிரான்சிஸ் முகத்தை மூடிக்கொண்டார். அவள் விழவில்லை. அவனுக்கு முன்பே மோட்டாரை நிமிர்த்தி முறுக்கினாள். அந்த முறுக்கில் என் தண்டு இழுத்த இழுப்பு இருக்கிறதே, அதைக் கேட்க நான் இன்னும் ஆறு மாதம் சாடின் தின்னத் தயார்.

கோட்டைத் தாண்டியபோது ஒரு டயர் தூரம். மூன்றாவது!

கைதட்ட ஆளில்லாத கேலரிகள் ஈரமாக நின்றன. அப்போது வெளியே சாலையிலிருந்து ஒரு லாரி ஹாரன் எழுந்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சில், பேட்டரி தீர்ந்துவிடும் போல. வாணி ஓட்டிக்கொண்டே இடது கையை அந்தப் பக்கம் உயர்த்தினாள். பிரான்சிஸும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நோய்க்கால விதியை மீறியதற்கு எங்களுக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது.

கோப்பையை யாரும் கையில் தரவில்லை. மேசையில் வைத்திருந்தார்கள், அவளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தாள், முகக்கவசத்துக்கு மேலேயே முத்தமிட்டாள். நாங்கள் வெளியே வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. சுமை இறக்கும் வேலை காத்திருந்திருக்கும், அல்லது ரோஷம் காத்திருந்திருக்கும். வாணி வெறும் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஸ்டெல்லா எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போட்டு, கோழிக்கறியும் சோறும் ஊட்டாத குறையாகக் கொடுத்துப் படுக்க வைத்தார். மறுநாள் விடியும் முன் எழுந்து பார்த்தேன். கோப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. கிராணியிடம் சொல்லிவிடலாம் என்று அலுவலகத்துக்கு நடந்தேன்.

போவதற்குள் பெரட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அவரவர் வட்டத்தில் நின்றார்கள். ஒரு வட்டம் காலியாக இருந்தது.

"கோகிலவாணி சன்னாசி!"

நான் வேகமாக நடந்தேன்.

"கோகிலவாணி சன்னாசி!"

"இருக்கா!"

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். லாரியின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் சன்னாசி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகக்கவசம் தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்தது.

"என் மவ இருக்கா, கிராணி! பேர வெட்டிடாதீங்க!"

"ஆள் எங்கங்க?" என்றார் தனபாலன்.

"தூங்குவா. நேத்து ரொம்ப தூரம் ஓட்டியிருக்கா, தூங்கட்டும். இன்னிக்குச் சாமான நான் ஏத்திக்கிட்டுப் போறேன். எந்த டிவிஷன்னு மட்டும் சொல்லுங்க."

தனபாலன் என்னைப் பார்த்தார். வாசல் காவல்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். வாசல் திறந்தது. சன்னாசி கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராகப் போய் மகளின் வட்டத்துக்குள் நின்றுகொண்டார்.

கிராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.